கறுப்பு வெள்ளையில் தாண்டவராயன்

திண்டிவனத்தில் யார் செத்தாலும் முதலில் டாக்டருக்குத் தெரியும், அடுத்தபடியாகக் கலையரசிக்குத் தெரியும். மேம்பாலத்துக்குப் பக்கத்தில் மாரியப்பன் நடத்தும் ஃப்ளெக்ஸ் கடையில் அவள்தான் டிசைனர். வயது இருபது. பி.காம். இரண்டாம் வருஷத்தோடு நின்றுபோனது. ஏன் நின்றது என்று அவள் அம்மாவைக் கேட்டால் ஒரு காரணம் வரும், அப்பாவைக் கேட்டால் வேறொரு காரணம் வரும். இரண்டையும் நம்ப வேண்டியதில்லை.

அந்தக் கடைக்குப் பெரும்பாலும் மூன்று வகை வேலைதான் வரும். காது குத்து, மஞ்சள் நீராட்டு, கண்ணீர் அஞ்சலி. முதல் இரண்டுக்கும் அவகாசம் கொடுப்பார்கள். மூன்றாவதற்குக் கிடையாது. பாடி ஐஸ் பெட்டியில் இருக்கும்போதே போஸ்டர் சுவரில் இருந்தாக வேண்டும். கல்யாணப் பந்தியில் வாயில் அப்பளத்தோடு முழித்துக்கொண்டிருக்கும் போட்டோ ஒன்றை யாராவது வாட்ஸ்அப்பில் அனுப்புவார்கள். கலையரசி அப்பளத்தை எடுப்பாள், பக்கத்து இலைக்காரரை வெட்டிப் போடுவாள், தலையைச் சீவி வெள்ளைச் சட்டை மாட்டுவாள். முகத்தைக் கறுப்பு வெள்ளையாக்கி, பின்னால் மேகமும் தலையைச் சுற்றி வெளிச்சக் கதிரும் வைத்து அனுப்பிவிடுவாள். மொத்தம் பதினோரு நிமிஷம். “உயிரோட இருக்கும்போதுகூட எங்க மாமா இவ்ளோ லட்சணமா இல்லம்மா” என்று மயிலம் பக்கத்துப் பெண் ஒருத்தி கடையிலேயே உட்கார்ந்து அழுதிருக்கிறாள்.

வீடு ரயில்வே கேட்டைத் தாண்டி இருக்கும் வீட்டுவசதி வாரியக் குடியிருப்பில், பி பிளாக்கில். வீடு என்றால் ஒரு ரூம், ஒரு சமையல் இடுக்கு, ஐந்து பேர். அங்கே ஒரு சார்ட் பேப்பரை முழுசாக விரிக்க வேண்டுமென்றால் யாராவது ஒருவர் வெளியே போக வேண்டும். பெரும்பாலும் அப்பா போவார். அவருக்கு அது சௌகரியம்தான்.

மூன்று மாதத்துக்கு முன்னால் சென்னையிலிருந்து அருணா வந்து இறங்கினார். கைத்தறிப் புடவை, பழைய எட்டணா அளவுக்கு மூக்குத்தி, காலில் ஆம்பளைச் செருப்பு. ‘பின்தங்கிய நகர்ப்புற இளைஞர்களைக் கலையின் வழியே அதிகாரப்படுத்தும் திட்டம்’ என்று பேனர் கட்டினார்கள். அந்த பேனரை அடித்துக் கொடுத்ததும் கலையரசிதான். ‘அதிகாரப்படுத்தும்’ என்ற வார்த்தை ஒரு வரியில் அடங்காமல் எழுத்தைச் சுருக்க வேண்டியிருந்தது. அந்தத் திட்டத்தைப் பற்றி அப்போது அவளுக்குத் தெரிந்தது அவ்வளவுதான். பேனரைப் படித்ததும் அந்தப் பின்தங்கியவர்கள் யார் என்று குடியிருப்பில் சர்ச்சை கிளம்பியது. ஏ பிளாக்காரர்கள் சி பிளாக்கைக் காட்டினார்கள். சி பிளாக்காரர்கள் பதில் சொன்ன விதத்தை எழுத முடியாது.

வகுப்பு பி பிளாக் மாடிப்படிக்குக் கீழே நடந்தது. முதல் நாள் அருணா எல்லோரையும் வட்டமாக உட்காரவைத்தார்.

“கண்ண மூடுங்க. உங்களுக்குள்ள ஒரு கலர் இருக்கு. அது என்னன்னு ஃபீல் பண்ணுங்க. ராஜ்குமார், உங்களுக்கு என்ன தோணுது?”

“பசிக்குது மேடம்” என்றான் ராஜ்குமார்.

இப்படி ஆரம்பித்தது ஒரு வாரத்தில் ஊத்திக்கொள்ளும் என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். ஊத்திக்கொள்ளவில்லை. கல்யாணப் பெண்களுக்கு மருதாணி போடும் பெனாசிர், தண்ணீர்த் தொட்டியில் மீன்கூட்டம் வரைந்தாள். ஷேர் ஆட்டோ ஓட்டும் ராஜ்குமார், ஏ பிளாக் சுவரில் ஒரு கழுகை வரைந்து அது கோழி இல்லை என்று எல்லோரிடமும் விளக்கிக்கொண்டிருந்தான். கலையரசி கரித்துண்டைக் கையில் பிடித்த அன்றைக்குத்தான் தெரிந்தது, மவுஸ் இல்லாமலேயே அவளுக்கு முகம் வரும் என்று. அதுவும் சும்மா வரவில்லை. மாடிப்படி ஏறியவர்களை எல்லாம் உட்காரவைத்து வரைந்து தள்ளினாள். கடை விட்டதும் நேராக மாடிப்படிக்குத்தான் வருவாள். வீட்டுக்குத் தூங்க மட்டும் போனாள்.

ஐப்பசி மழை வந்தது. மாடிப்படிக்குக் கீழே தண்ணீர் நின்றது. மேலே குடத்தோடு ஏறுகிறவர்கள் மிச்சத்தையும் பார்த்துக்கொண்டார்கள். கலையரசி வரைந்த பதினேழு முகங்கள் ஒரே மத்தியானத்தில் கரைந்து ஒரே முகமாகிவிட்டன. அந்த வாரமே அருணாவுக்கு ஆபீஸிலிருந்து மெயில் வந்தது. மாசக் கடைசிக்குள் நிரந்தரமாக ஒரு ரூம் கிடைத்தால் திட்டம் இங்கே இன்னும் இரண்டு வருஷம் நடக்கும். கிடைக்காவிட்டால் பெயிண்ட், பிரஷ், பேப்பர், அருணா எல்லாம் விழுப்புரத்துக்கு மாற்றப்படும்.

“அதானே” என்றாள் பெனாசிர். “எது வந்தாலும் கடைசில விழுப்புரத்துக்குத்தானே போவும். கலெக்டர் ஆபீஸ் போச்சு, இப்ப பெயிண்ட் டப்பாவும் போவுது.”

கலையரசியின் பார்வை எதிரே இருந்த சமுதாயக் கூடத்தின் மேல் இருந்தது. நல்ல பெரிய ஹால், ஆறு ஜன்னல். பதினெட்டு வருஷமாகப் பூட்டு.

சாவி தாண்டவராயனின் அரைஞாண் கயிற்றில் இருந்தது. அவர் ரிட்டயர்டு பஸ் கண்டக்டர், சி பிளாக், பெண்டாட்டி போய்ச் சேர்ந்தபின் தனி ஆள். குடியிருப்போர் நலச் சங்கத் தலைவர், தண்ணீர் மோட்டாரும் மொட்டை மாடியும்கூட அவர் பொறுப்புதான். தேர்தல் ஒரே ஒரு தடவை நடந்தது, வேறு யாரும் நிற்கவில்லை, அதற்கப்புறம் யாரும் கேட்கவில்லை. ‘தாத்தா’ என்று கூப்பிட்டால் திரும்ப மாட்டார், ‘தலைவரே’ என்றால் அரை மைல் தூரத்திலிருந்தும் திரும்புவார். கூடத்துக்குள்ளே அவர் மருமகன் சீனுவாசனின் ஷாமியானா கம்பிகள், இருநூறு பிளாஸ்டிக் நாற்காலிகள், பிரியாணி தேக்சாக்கள். ஊரில் யாருக்கும் தெரியாத ரகசியம் என்று மாமனாரும் மருமகனும் மட்டும் நினைத்துக்கொண்டிருந்தார்கள்.

“ஹாலு பொதுச் சொத்தும்மா. அதனாலதான் யாரும் உள்ள வராம பாத்துக்கினு இருக்கேன்” என்றார் அருணாவிடம்.

அருணா ‘பகிர்ந்த வெளி’ பற்றி இருபது நிமிஷம் பேசினார். தாண்டவராயன் இருபது நிமிஷமும் தலையாட்டிவிட்டு, “காபி சாப்புடறீங்களா?” என்றார்.

யோசனை சொன்னது பெனாசிர். “அந்த ஆளுக்கு ஒரே வீக்னஸ் அவரு மூஞ்சிதான். எவன் வூட்டு காது குத்துன்னாலும் பேனர் மூலையில இவரு போட்டோ இருக்கும். அதே ஹால் சுவத்துல, ரோட்டப் பாத்தாப்ல, பத்தடிக்கு மூஞ்சிய வரைஞ்சி வுடு. சாவிய தட்டுல வச்சிக் குடுப்பாரு.”

கொடுப்பார் போலத்தான் இருந்தது. விஷயத்தைச் சொன்னதும் தாண்டவராயன் வெட்கப்பட்டார். வேண்டாம் என்றார். அப்புறம் பென்ஷன் புத்தகத்திலிருந்து போட்டோவைப் பிய்த்துக் கொடுத்தார்.

“வயச கொஞ்சம் கொறச்சுக்க பாப்பா. ஆனா நான்தான்னு தெரியணும். முடிச்சப்புறம்தான் பாப்பேன். வெள்ளிக்கிழமை சாயங்காலம் நல்ல நேரம். பாத்துட்டு சாவி விஷயம் பேசலாம்.”

இனி நடந்ததற்கு யார் காரணம் என்று இன்றைக்கும் மூன்று பிளாக்கிலும் வாக்குவாதம் உண்டு. கலர் பெயிண்ட் தீர்ந்து போயிருந்தது, ராஜ்குமாரின் கழுகு தின்றுவிட்டது. மிச்சமிருந்தது வெள்ளை ஒரு பக்கெட், கறுப்பு இரண்டு டின். “அதுவும் நல்லதுதான், மோனோக்ரோம்ல ஒரு டெப்த் இருக்கு” என்று அருணா சொல்லிவிட்டு சென்னைக்குப் போய்விட்டார். கலையரசி சுவரில் நூல் பிடித்துக் கட்டம் போட்டாள். சாரத்தின் மேல் இரண்டு நாள் நின்றாள். வயதைக் குறைத்தாள். தலையைச் சீவினாள். கசங்கிய காக்கிச் சட்டையை எடுத்துவிட்டு வெள்ளைச் சட்டை போட்டாள். வியாழக்கிழமை சாயங்காலம் இறங்கிவந்து தள்ளி நின்று பார்த்தபோது பின்னால் மொட்டையாக இருப்பது போலப் பட்டது. மறுபடி ஏறி நாலு மேகமும் தலையைச் சுற்றி வெளிச்சக் கதிரும் போட்டாள். இப்போது சரியாக இருந்தது. அவள் கண்ணுக்கு முகம் என்றால் இப்படித்தான் இருக்கும்.

“எப்படி இருக்கு?” என்று பெனாசிரைக் கேட்டாள்.

“சூப்பரா இருக்கு. பாத்தாலே மனசுக்குள்ள என்னமோ பண்ணுதுடி. ஏன்னு தெரியல” என்றாள் பெனாசிர்.

மறுநாள் விடிகாலை தாண்டவராயன், தான் உயிரோடு இருப்பதாகக் கையெழுத்துப் போட்டுக் கொடுக்க விழுப்புரம் பென்ஷன் ஆபீஸுக்குக் கிளம்பினார். வருஷா வருஷம் போவதுதான். நல்ல நேரத்துக்கு முன்னால் பார்த்துவிடக் கூடாது என்று சுவர்ப் பக்கம் திரும்பாமல் தோளில் துண்டை உயர்த்தி மறைத்துக்கொண்டு போனார். போனை வீட்டில் சார்ஜில் போட்டிருந்தார். அதை மறந்துவிட்டார்.

எட்டு மணிக்கு ஏ பிளாக் அஞ்சம்மாள் அவித்த வேர்க்கடலைக் கூடையோடு ரோட்டுக்கு வந்தாள். சுவரைப் பார்த்தாள். வெள்ளைச் சட்டை, மேகம், வெளிச்சம், கறுப்பு வெள்ளை. கூடையை இறக்கிவைத்துவிட்டு மார்பில் அடித்துக்கொண்டாள்.

“ஐயோ, நேத்திகூட மல்லாட்டை ஓசி வாங்கித் தின்னாரே!”

சந்தேகப்பட்ட இரண்டு பேர் சி பிளாக்குக்குப் போய்ப் பார்த்தார்கள். வீடு பூட்டியிருந்தது. உள்ளே போன் அடித்துக்கொண்டே இருந்தது. அதற்குமேல் என்ன சாட்சி வேண்டும்? ஒருவர் சுவரைப் போட்டோ எடுத்து குடியிருப்பு குரூப்பில் போட்டார். ஒன்பது மணிக்குள் அவர் விழுப்புரம் பஸ் ஸ்டாண்டில் மயங்கி விழுந்ததாகவும், பாடி ஆஸ்பத்திரியில் இருப்பதாகவும், சாயங்காலம் கொண்டுவருவார்கள் என்றும் தகவல் முழுமை பெற்றுவிட்டது. கடைசி வார்த்தையாகத் தண்ணீர் கேட்டாராம். அதைப் பார்த்தவர்களும் இருந்தார்கள்.

கலையரசிக்கு இது எதுவும் தெரியாது. அவள் அன்று சீக்கிரமே கடைக்குப் போய் ஒரு காது குத்தில் மூழ்கியிருந்தாள். ஒன்பதரைக்கு மாரியப்பன் கல்லாவிலிருந்து குரல் கொடுத்தார்.

“கலை, காத வுடு, அர்ஜென்ட் கேஸு வந்திருக்கு. உங்க போர்டு ஆளுதான். தலைவரு, தாண்டவராயன். விக்கிரவாண்டிலேர்ந்து மருமவன் அனுப்பியிருக்காரு. ஜல்தி முடிச்சிக் குடு, அம்பது போஸ்டர்.”

அவள் கை மவுஸின் மேல் அப்படியே நின்றது. முதலில் வந்த நினைப்பு, ‘சாவி இப்ப யார்கிட்ட இருக்கும்?’ என்பதுதான். அதை வெளியே சொல்லியிருந்தால் ஊர் காறித் துப்பியிருக்கும். அவளே உள்ளுக்குள் துப்பிக்கொண்டாள். பாவம், சாயங்காலம் பார்க்கிறேன் என்றாரே, படத்தைப் பார்க்காமலே போய்விட்டாரே என்று கண்ணில் தண்ணீர்கூட வந்தது. துடைத்துக்கொண்டு போட்டோவைத் திறந்தாள்.

“போட்டோ நல்லா கீது பாரு” என்றார் மாரியப்பன் பின்னாலிருந்து. “நீ ஒண்ணுமே பண்ண வேணாம். வெள்ளைச் சட்டை, மேகம் எல்லாம் அவங்களே போட்டுக் குடுத்துட்டாங்க. மறைவு தேதி மட்டும் போட்டுடு.”

கலையரசி பெரிதாக்கிப் பார்த்தாள். இடது மூக்குக்குப் பக்கத்தில் சுவரில் ஒரு வெடிப்பு, அதில் பட்டி வைத்து அடைத்த தடம். புதன்கிழமை மத்தியானம் அவள் கட்டை விரலால் வைத்த பட்டி.

“அண்ணே” என்றாள். “இவரு சாவல. நான்தான் இவர சாவடிச்சிருக்கேன்.”

மாரியப்பன் கையிலிருந்த டீ கிளாஸைக் கீழே வைத்தார். அவர் மேற்கொண்டு என்ன கேட்டாரோ, அதைக் கேட்க அவள் அங்கே இல்லை.

ஆட்டோவிலிருந்து பெனாசிரைப் போனில் கூப்பிட்டாள். “யாரும் சாவலடி! அது நம்ம படத்தப் பாத்து கெளம்புனது!”

“எனக்கும் இப்பதான் உறைச்சுது. ஆனா லேட்டுடி. இங்க மாலை வந்துருச்சு” என்றாள் பெனாசிர்.

மாலை மட்டுமா? கலையரசி இறங்கியபோது ரோடே அடைத்துக் கிடந்தது. விக்கிரவாண்டியிலிருந்து மகள் தனக்கோட்டி வந்து சுவருக்குக் கீழே தலைவிரி கோலமாக உட்கார்ந்திருந்தாள். சுற்றி ஏழெட்டுப் பெண்கள். மருமகன் சீனுவாசன் துக்கத்திலும் தொழிலை மறக்காதவர். ஷாமியானா போட வேண்டும், வருகிறவர்கள் உட்கார வேண்டும். ஆனால் சாவி செத்துப்போன மாமனாரின் இடுப்பில் இருந்தது. மருமகனுக்குக்கூட மறு சாவி கொடுத்துவைக்காத மனுஷன் அவர். வேறு வழியில்லாமல் கடப்பாறையைக் கொண்டுவந்து பூட்டை உடைத்தார்கள். கூடத்திலிருந்து இருநூறு நாற்காலிகளும் கம்பிகளும் துணி மூட்டைகளும் தேக்சாக்களும் ஒவ்வொன்றாக வெளியே வந்தன. பதினெட்டு வருஷத்தில் முதல் தடவையாக அந்த ஆறு ஜன்னல் வழியாகவும் வெளிச்சம் உள்ளே போனது.

கலையரசி ஒரு நிமிஷம் நின்று பார்த்தாள். தரை அவ்வளவு பெரிதாக இருக்கும் என்று அவள் நினைக்கவில்லை. பிறகு ஓடிப்போய் அஞ்சம்மாளின் தோளைப் பிடித்து உலுக்கினாள்.

“அத்த, அழாதீங்க. தலைவரு உயிரோட இருக்காரு!”

“ஆமாண்டி கண்ணு” என்று அஞ்சம்மாள் அவளையும் சேர்த்துக் கட்டிக்கொண்டாள். “எங்க மனசுல உயிரோடதான் இருக்காரு.”

“மனசுல இல்ல அத்த, விழுப்புரத்துல!”

“பாடி அங்கதான் இருக்குன்னு சொன்னாங்க.”

சீனுவாசனிடம் சொன்னாள். “துக்க வூட்டுல இன்னா பேச்சும்மா பேசற?” என்று அவர் கம்பி நட்டுக்கொண்டே கேட்டார். அந்த நேரம் பார்த்து அருணா சென்னையிலிருந்து வந்து இறங்கினார். சுவரைச் சுற்றி நூறு பேர், கண்ணில் தண்ணீர், கையில் பூ.

“கலை, ஒரு ஆர்ட் வொர்க் முன்னாடி ஒரு கம்யூனிட்டி இப்படி எமோஷனலா ஆகி நான் பாத்ததே இல்ல” என்று சொல்லி போனில் வீடியோ எடுக்க ஆரம்பித்தார்.

“மேடம், ஆளு செத்துட்டாருன்னு அழுவறாங்க.”

“யாரு?” என்று கேட்ட அருணா, சொன்னதைக் கேட்டதும் வீடியோவை நிறுத்திவிட்டு மறுபடி ஆரம்பித்தார்.

பெண்கள் ஒப்பாரி வைத்தார்கள். ஒப்பாரி என்றால் புகழ்ச்சி என்று நினைப்பவர்கள் வாரியக் குடியிருப்புக்கு வந்ததில்லை. “மோட்டாரு போட மாட்டியே, என் ராசா, மொட்ட மாடி தர மாட்டியே” என்று அஞ்சம்மாள் எடுத்துக் கொடுக்க, “ஹாலப் பூட்டி வச்சவரே, ஆளையும் பூட்டிக்கினு போனியே” என்று மற்றவர்கள் முடித்தார்கள். பதினெட்டு வருஷ மனக்குறை ராகத்தோடு வெளியே வந்துகொண்டிருந்தது.

ஒரு மணிக்குத் தாண்டவராயன் பஸ்ஸை விட்டு இறங்கினார். வெயிலுக்குத் துண்டைத் தலையில் கட்டியிருந்தார். கூட்டத்தைப் பார்த்ததும் ஓரமாக நின்ற பூக்காரரிடம் கேட்டார்.

“யாருப்பா போயிட்டது?”

“யாரோ தலைவராம்.”

“அப்படியா? எந்தத் தலைவரு?”

“எனக்கு இன்னா தெரியும், நான் செஞ்சிக்காரன். படு கஞ்சனாம். அந்தப் பொம்பளைங்க பாடறத கேளுங்க, நல்லா இருக்கு.”

தாண்டவராயன் நின்று கேட்டார். மோட்டார், மொட்டை மாடி, ஹால், ஓசி மல்லாட்டை. கேட்கக் கேட்க எங்கேயோ இடித்தது. நிமிர்ந்து சுவரைப் பார்த்தார். பத்தடி உயரத்தில் மேகத்துக்கு நடுவே இருந்துகொண்டு தாண்டவராயன் தாண்டவராயனைப் பார்த்தார்.

அவர் போட்ட சத்தத்தில் ஷாமியானா ஒரு பக்கம் சாய்ந்தது. கம்பியைப் பிடித்திருந்த சீனுவாசன் கையை விட்டுவிட்டார். அஞ்சம்மாள் பாதி வரியில் நிறுத்தினாள், ஆனால் வாய் மூடவில்லை. தனக்கோட்டி எழுந்து ஓடி வந்தாள். அப்பாவைக் கட்டிக்கொள்ளப் போகிறாள் என்று எல்லோரும் நினைக்க, முதுகில் ஓங்கி ஒன்று வைத்தாள்.

“எங்க போனாலும் சொல்லிட்டுப் போவ மாட்டியா நீ? நாலு மணி நேரமா அழுதுக்கினு இருக்கேன், தொண்டையே போச்சு!”

“உயிரோட இருக்கேன்னு எழுதிக் குடுக்கப் போனேண்டி!” என்றார் தாண்டவராயன்.

அடுத்த பத்து நிமிஷம் எல்லோரும் பேசினார்கள், யாரும் கேட்கவில்லை. கடைசியில் எல்லா விரல்களும் ஒரு பக்கம் நீண்டன. கூட்டம் விலகியது. நடுவில் கலையரசி நின்றாள்.

“இன்னா வேலை பண்ணி வச்சிருக்க நீ?” தாண்டவராயனின் துண்டு அவிழ்ந்து தோளில் தொங்கியது. “உயிரோட இருக்கறவன கொண்டுபோயி மேகத்துல வச்சிருக்க! வெள்ளையடி! இப்பவே வெள்ளையடி! ஹாலாவது மண்ணாவது. மூட்ட முடிச்ச கட்டிக்கினு விழுப்புரத்துக்குப் போங்க எல்லாரும். ஏ சீனுவாசா, சாமான உள்ள எடுத்துப் போடு!”

அருணா முன்னால் வந்து, “சார், நாம இத ஒரு டயலாகா பாக்கலாம்” என்று ஆரம்பித்தார். கலையரசி அவர் கையைப் பிடித்து நிறுத்தினாள். தோளில் கைவைத்துப் பின்னுக்குத் தள்ளியே விட்டாள்.

“வெள்ளையடிக்கிறேன் தலைவரே” என்றாள். குரல் முதலில் கொஞ்சம் கீச்சென்றுதான் வந்தது. “அரை மணி நேர வேலை. ஆனா ஒண்ணு யோசிங்க. உங்க படம் காலைலேர்ந்து ஊர் பூரா போயிருக்கு. செஞ்சி போயிருக்கு, விக்கிரவாண்டி போயிருக்கு, கோட்டக்குப்பம் வரைக்கும் போயிருக்கு. ரோட்டுல போறவன் காலைல உங்கள மேகத்தோட பாத்தான். நாளைக்கு சுவரு வெள்ளையா இருந்தா இன்னா நெனப்பான்? காரியம் முடிஞ்சி போச்சு, கழுவி வுட்டுட்டாங்கன்னு நெனப்பான்.”

தாண்டவராயன் மறுபடி சுவரை நிமிர்ந்து பார்த்தார்.

“பத்து வருஷம் கழிச்சி நீங்க பஸ்ஸுல ஏறுனாகூட அலறுவாங்க” என்று பெனாசிர் எடுத்துக் கொடுத்தாள்.

“அப்ப இன்னாதான் பண்ணச் சொல்ற?”

“கலர் அடிக்கணும். மேகத்த எடுத்துட்டு பின்னாடி பஸ்ஸு, கையில டிக்கெட் கட்டு, காக்கிச் சட்டை. ஒதட்டுல செவப்பு. பாக்கறவன் இந்த ஆளு இப்பவே இறங்கி வந்து டிக்கெட் கேப்பாருன்னு நெனக்கணும். அத நான் பண்ணுவேன். திண்டிவனத்துல வேற யாராலும் பண்ண முடியாது. வேணும்னா விசாரிச்சிப் பாருங்க.”

கூட்டத்தில் இரண்டு பேர் தலையாட்டினார்கள். அவர்கள் வீட்டுப் பெரியவர்களை எல்லாம் அனுப்பிவைத்தவள் அவள்தான்.

“அப்ப அடி. அடிச்சித் தொலை.”

“அதுக்கு நீங்க நேர்ல உக்காரணும். பென்ஷன் புக் போட்டோவ வச்சி செஞ்சதாலதான் இவ்ளோ பேஜாரு. மூணு நாள், காலைல, நல்ல வெளிச்சத்துல. அந்த வெளிச்சம் ஹாலுக்குள்ளதான் இருக்கு.” ஒரு மூச்சு எடுத்துக்கொண்டாள். “ஹாலு இப்ப காலியா இருக்கு. அப்படியே இருக்கணும். மூணு நாளைக்கு இல்ல, அதுக்கப்புறமும். சாமான் உள்ள போனா, படம் இப்படியேதான் இருக்கும்.”

“மெரட்டறியா?”

“ஆமா தலைவரே” என்றாள் கலையரசி.

இந்த இடத்தில் சீனுவாசன், “அப்ப என் சாமானெல்லாம் நான் எங்க கொண்டுபோயி வைக்கிறது?” என்று கேட்டது பெரிய தப்பு. தனக்கோட்டிக்கு அதுவரை கோபத்தை இறக்கிவைக்கச் சரியான இடம் கிடைக்காமல் இருந்தது.

“எங்கப்பன் செத்துட்டான்னு நான் அழுதுக்கினு இருந்தா நீ நாற்காலி எண்ணிக்கினு இருந்த இல்ல? உன் நாற்காலிய உன் தலையில வச்சிக்க! பூட்டையும் நீதான் ஒடச்ச!”

பூட்டை உடைத்த விஷயம் தாண்டவராயனுக்கு அப்போதுதான் உறைத்தது. கை தானாக இடுப்புக்குப் போனது. சாவி அங்கேதான் இருந்தது. அது திறப்பதற்குத்தான் ஒன்றும் இல்லை. கூடத்தின் கதவைப் பார்த்தார். உள்ளே குடியிருப்புப் பிள்ளைகள் அதற்குள்ளேயே ஓடிப் பிடித்து விளையாடிக்கொண்டிருந்தார்கள். திரும்பிச் சுவரைப் பார்த்தார். மூன்றாவதாகக் கூட்டத்தைப் பார்த்து அஞ்சம்மாளிடம் மெதுவாகக் கேட்டார்.

“மொத்தம் எத்தினி பேரு வந்தாங்க?”

“இருநூறு நாற்காலியும் பத்தல தலைவரே” என்றாள் அஞ்சம்மாள். அது பொய். ஆனால் நல்ல மனசோடு சொன்ன பொய்.

தாண்டவராயன் மீசையைத் தடவிக்கொண்டார். “பஸ்ஸு சிங்கிள் டோரா டபுள் டோரா?” என்று கலையரசியைக் கேட்டார்.

“நீங்க எது சொல்றீங்களோ அது.”

“டபுள் டோர்.”

பெனாசிர் அதற்குள் ஓடிவிட்டாள். அவள் அத்தா முகம்மது கவுஸ் வேலை பார்க்கும் ஹார்டுவேர் கடை பஜார் மூலையில்தான் இருக்கிறது. பத்தே நிமிஷத்தில் புதுப் பூட்டு ஒன்றோடு வந்தாள். இரண்டு சாவி. அருணா கையை நீட்டினார், தாண்டவராயனும் நீட்டினார். பெனாசிர் இரண்டு சாவியையும் கலையரசியின் உள்ளங்கையில் வைத்து விரலை மூடிவிட்டாள். அருணா அதையும் வீடியோ எடுத்தார். ‘அதிகாரப்படுத்துதல்’ என்று தலைப்புப் போட்டு ஆபீஸுக்கு அனுப்பினாராம், கேள்வி. கலையரசி அவரிடம் சொன்னது ஒன்றே ஒன்றுதான்: “மேடம், செவப்பு, மஞ்சள், காக்கிக்கு பிரவுனு. நாளைக்குக் காலைல வேணும். மோனோக்ரோம் வேணாம்.”

மறுநாள் தாண்டவராயன் ஏழு மணிக்கே வந்துவிட்டார். இஸ்திரி போட்ட காக்கி, நெற்றியில் சந்தனம், மீசைக்கு மை. பதினெட்டு வருஷப் பழக்கத்தில் செருப்போடு விறுவிறுவென்று உள்ளே நுழைந்தார். தரையில் ராஜ்குமாரும் இன்னும் நாலைந்து பேரும் சார்ட் பேப்பரை ஓரத்திலிருந்து ஓரம்வரை விரித்துவைத்துக் கட்டம் போட்டுக்கொண்டிருந்தார்கள்.

“தலைவரே, செருப்ப வெளிய வுட்டுட்டு வாங்க” என்றாள் கலையரசி, தலையைத் தூக்காமல்.

ராஜ்குமார் ஸ்கேலைக் கீழே வைத்தான். தாண்டவராயன் அவளைப் பார்த்தார், தரையைப் பார்த்தார். வெளியே போய்ச் செருப்பை விட்டுவிட்டு வந்து ஸ்டூலில் உட்கார்ந்தார். உட்கார்ந்ததும் 1989இல் மரக்காணம் ரூட்டில் நடந்த ஒரு சங்கதியைச் சொல்ல ஆரம்பித்தார். கலையரசி பேப்பரும் கரித்துண்டுமாகக் கிட்டே வந்தாள். இரண்டு விரலால் அவர் தாடையைப் பிடித்து ஜன்னல் பக்கம் திருப்பினாள். சொந்த மகளே தொடப் பயப்படும் தாடை அது.

“கொஞ்ச நேரம் பேசாதீங்க. ஒதடு வரையணும்.”

தாண்டவராயன் நாற்பது நிமிஷம் வாயை மூடிக்கொண்டிருந்தார். நம்பாதவர்கள் பெனாசிரைக் கேட்கலாம். நாற்பது நிமிஷத்தையும் வீடியோ எடுத்துவைத்திருக்கிறாள்.